கைதட்ட வந்தவள்

ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் யார் கூட்டம் போட்டாலும், பேச வருகிறவருக்குச் சொல்வதற்கு முன்னால் பூமாலைக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். எந்தக் கட்சி, என்ன கொடி என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எத்தனை தலை வேண்டும், வண்டி யார் அனுப்புவது, பிரியாணியா தயிர்சாதமா, நாற்காலியா தரையா, இவ்வளவுதான் கேட்பாள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன தலைகளைக் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை இல்லாத நாட்களில் காலனிப் பெண்களுக்கு அவள்தான் படியளந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. கணவன் சாமிதுரை கேரளாவில் கட்டட வேலைக்குப் போனவன், தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுகிறவன். வீட்டுக்கும் அவள்தான் படியளந்தாள்.

ஆள் சேர்ப்பது என்ன பெரிய காரியம், யாராலும் முடியும். கைதட்ட வைப்பதுதான் அவளுடைய தனிக் கெட்டிக்காரத்தனம். முன்வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். பேசுகிறவர் எங்கே குரலை இறக்குகிறார், எங்கே மூச்சுவிட நிற்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அந்த இடம் வந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அவ்வளவுதான், பின்னால் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் படபடவென்று தட்டுவார்கள். பேச்சு புரிந்ததா, காதிலாவது விழுந்ததா என்பதெல்லாம் வேறு கதை. சிலர் தூங்கிக்கொண்டே தட்டுவார்கள். அது என்ன லேசுப்பட்ட வித்தையா?

மேடைக்கு அவ்வளவு கிட்டத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்குப் பேசுகிறவர்கள்மேல் என்ன மரியாதை மிஞ்சும் சொல்லுங்கள். தாய்மார்களே என்று உருகியவர், கீழே இறங்கியதும் அதே தாய்மார்கள் வழிவிடவில்லை என்று எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர்ப் பஞ்சத்துக்காக அழுதவர் மீதித் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுக் காரேறுவதையும் பார்த்திருக்கிறாள். மைக்கைப் பிடித்தவன் எல்லாம் எதையோ பிடுங்கத்தான் வந்திருக்கிறான் என்பது அவள் முடிவு.

அதிலும் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு கூட்டம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் மேடையேறி, ஏழைப் பெண்களுக்கு இலவசமாக நர்ஸ் படிப்பு, முடித்ததும் வெளிநாட்டில் வேலை என்று தழுதழுத்தார். பூமாலை முந்தானையைச் செருகினாள். பந்தலே அதிர்ந்தது. அன்று கூட்டத்தில் அவளுடைய மூத்த மகள் ஆர்த்தியும் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்து, அடுத்து என்ன என்று திகைத்துக்கொண்டிருந்த பெண்.

அந்த இன்ஸ்டிட்யூட் பெரம்பலூர் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் நடந்தது. ஒரு கட்டிலும் அதன்மேல் கிடத்திய பிளாஸ்டிக் பொம்மையும்தான் அங்கே ஆஸ்பத்திரி. அந்தப் பொம்மைக்குக் காய்ச்சல் பார்த்தே ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரு நாள் காலையில் போனால் கதவில் பூட்டு தொங்கியது. பூமாலை விடவில்லை. கட்டடக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கத்தினாள், ஊரைக் கூட்டினாள், உள்ளே மாட்டிக்கொண்டிருந்த மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கையில் வாங்காமல் எழுந்திருக்கவில்லை. அது ஒன்றுதான் மிச்சமானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆர்த்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அரியலூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"நீதாம்மா மொதல்ல தட்டுன. நீ தட்டுனதப் பாத்துதான் நெசம்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பூமாலை பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள். கூலிக்குத் தட்டுகிற கை என்று மகளுக்குத் தெரியும் என்றே பூமாலை நினைத்திருந்தாள். அடுத்த மாதம் ஆர்த்தி திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். பகல் முழுக்க நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டுகிற வேலை. பொங்கலுக்கு வருவாள், கால் வீங்கியிருக்கும். படிப்பு என்ற வார்த்தையையே அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. பூமாலைக்கு அந்த பஸ் பேச்சு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது இளையவள் மணிமொழி பன்னிரண்டாவது முடித்துவிட்டு நிற்கிறாள். அரியலூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பூமாலை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"ஒருத்திய படிக்க அனுப்பி பொம்மைக்கு ஊசி போட்டது போதும். ஒங்கக்கா கடையில ஆளு எடுக்குறாங்களாம். பேசாம போயி சேரு."

"அது பிரைவேட்டும்மா. இது கவர்மெண்ட் காலேஜு."

"ஏன், கவர்மெண்டு கட்டடத்துல பூட்டு தொங்காதா?"

பெண்கள் இரண்டு பேருடைய சான்றிதழ்களும் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி பூமாலையின் இடுப்பில் இருந்தது. மணிமொழி அதற்கப்புறம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் தின்றாள், கேட்டால் ம் என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் அந்தச் சனிக்கிழமை கூட்டம் வந்தது. கூட்டம் போட்டவன் ராஜேஷ். மனை வாங்கி விற்கிறவன், அடுத்த தேர்தலில் நிற்கிற ஆசையில் கிடக்கிறவன். கல்வி விழிப்புணர்வுக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டான். பேச வருகிறவர் பெரம்பலூர் கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற இருசம்மாள், ரஞ்சன்குடிக்காரர். ஊர் ஊராகப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரமான படிப்பு வேண்டும் என்று பேசுகிறவராம். கடைசி நேரத்தில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து தலை ஒன்று குறைந்தது. பூமாலை வேறு வழியில்லாமல் மணிமொழியை வண்டியில் ஏற்றினாள்.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம். நாங்க தட்டுறப்ப தட்டு, பிரியாணிய வாங்கு, கெளம்பு" என்று சொல்லித்தான் கூட்டிப் போனாள்.

வக்கீலம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். பூமாலை பக்கத்து நாற்காலிக்காரியிடம் குனிந்தாள்.

"பாத்தியா, பஸ்ஸுல வருதாம். கார வெளிய நிறுத்திட்டு பஸ்ஸேறுறதும் ஒரு வேசந்தான்."

சால்வையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு இருசம்மாள் பேச ஆரம்பித்தார். கத்தவில்லை. அடுப்படியில் நின்று பேசுவதுபோலத்தான் பேசினார்.

"ஒரே தெருவுல ரெண்டு புள்ளைங்க பொறக்குதுங்க. ஒரு புள்ளைக்கு லேப்புல ஆசிட்ட ஊத்திக் காட்டுறாங்க. இன்னொரு புள்ளைக்கு ஆசிட்டுன்னு போர்டுல எழுதிக் காட்டுறாங்க. பரீட்ச மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அதுல ஒருத்தன் தோத்தா, அவனுக்கு மூள இல்லேங்குறோம்."

மணிமொழி நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பூமாலை அதைக் கவனித்துவிட்டாள். ஐயையோ, இன்னொரு தடவையா! அவள் பார்வை மகள்மேல் இருந்தது, காது மட்டும் பழக்கத்தில் மேடையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்கூட ஒண்ணாங்கிளாஸ் சேந்த பொண்ணுங்கள்ல அஞ்சாவது தாண்டுனது நான் ஒருத்திதான்" என்றார் இருசம்மாள். குரல் இறங்கியது. "மத்தவங்க எல்லாம் கல்லு ஒடைக்கப் போயிட்டாங்க. அதுல ரெண்டு பேரு இன்னைக்கு உசுரோட இல்ல."

நிறுத்தினார்.

பூமாலையின் கை தன்பாட்டுக்கு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியது. மண்டபம் அதிரக் கைதட்டல். பின்வரிசையில் ஒருத்தி உற்சாகம் தாங்காமல் விசிலே அடித்துவிட்டாள்.

இருசம்மாள் பேசாமல் நின்றார். கைதட்டல் அடங்கியது. அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எதுக்குங்க தட்டுனீங்க? அதுங்க செத்ததுக்கா?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ராஜேஷுக்கு வேர்த்து ஊற்றியது.

"மொதல்ல யாரு தட்டுனது?"

காலனிப் பெண்கள் விசுவாசமானவர்கள். ஒருத்திகூடப் பூமாலையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். வக்கீலுக்கு அது போதாதா? அவர் முன்வரிசை நடு நாற்காலியை நேராகப் பார்த்தார். தொழிலே போயிற்று என்று நினைத்தாள் பூமாலை. ஆனால் அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் மைக்கை அணைத்துவிட்டு, இறங்கிவந்து மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"பேசுனது போதும். தட்ட வேணாம், ஏதாவது கேளுங்க."

கேட்டுப் பழக்கமிருந்தால் அல்லவா கேட்பார்கள்! பிரியாணி வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. அப்போது மணிமொழி எழுந்து நின்றாள்.

"எங்கக்காவ இப்படித்தான் ஒருத்தர் மேடையில பேசி ஏமாத்துனாரு. நர்ஸ் படிப்புன்னு. நீங்க சொல்றத மட்டும் எத வச்சு நம்புறது?"

பூமாலை அவள் தாவணி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"நம்பாத" என்றார் இருசம்மாள். "நான் சொல்றேன்னு நம்பாத. நல்லாப் பேசுறவங்கள நம்பி எதுலயும் சேராத. நேர்ல போ. படிச்சிக்கிட்டு இருக்கற பொண்ணுங்கள்ட்ட கேளு. லேப்பத் தொறந்து காட்டச் சொல்லு. அவுங்க மூஞ்சியச் சுளிச்சாலும் கேளு. கேக்குறதுக்கு ஒனக்கு உரிம இருக்கு. பணக்காரன் அப்படித்தான் கேட்டுச் சேக்குறான். நாமதான் குடுத்தாப் போதும்னு கும்புட்டு வாங்கிக்கிறோம்."

அன்று பூமாலைக்குப் பிரியாணி இறங்கவில்லை. வீடு வந்ததும் பல நாள் கழித்து மணிமொழி தானாக வாயைத் திறந்தாள்.

"அவங்க பேசுனது எனக்குப் புடிச்சிருந்துச்சும்மா."

"என்ன பெருசாப் பேசிட்டா? நம்பாதேன்னா. நம்பாதேன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு மேடையா?"

"இத்தன கூட்டத்துக்குப் போயிருக்கல்ல. என்னை நம்பாதேன்னு சொன்ன ஆளு ஒண்ணக் காட்டு பாப்பம்."

"அதாண்டி எனக்கு சந்தேகமே!" என்று கத்தினாள் பூமாலை. நம்பு என்கிறவனிடம் தப்பித்துக்கொள்ளலாம். நம்பாதே என்று சொல்லி நம்ப வைக்கிறவளிடம் எப்படித் தப்பிப்பது? எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும். பின்னால் ஏதாவது கட்சி இருக்கும், டிரஸ்ட் இருக்கும், கமிஷன் இருக்கும். அந்தப் பொய்யைப் பிடித்து மகள் முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டால் திங்கட்கிழமை தன்னால் கடந்துபோகும். இன்னொரு மகள் தன்னைப் பார்த்து நீதான் தட்டினாய் என்று சொல்ல வேண்டியிருக்காது.

உடனே பெரம்பலூர் பாப்பாத்திக்குப் போன் போட்டாள். பாப்பாத்தி அந்தப் பக்கத்துக்குக் கூட்டம் சேர்க்கிறவள். இந்தத் தொழிலில் இருக்கிற பெண்களுக்குள் ஒரு கட்டு உண்டு. எவன் பேசிய காசைக் கொடுப்பான், எவன் வண்டியைப் பாதியில் இறக்கிவிடுவான் என்பதெல்லாம் போனிலேயே பரவிவிடும். துப்பு துலக்க அவர்களை விட்டால் ஆள் கிடையாது.

"நாளைக்கு வா. அதுக்குள்ள தோண்டி எடுத்துர்றேன்" என்றாள் பாப்பாத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிமொழியிடம் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டுப் பூமாலை பஸ் ஏறினாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையோரம் பாப்பாத்தி காத்திருந்தாள். முகத்தில் சேதி இருந்தது, ஆனால் டீ வாங்கிக் கொடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

"கட்சி கெடையாது. டிரஸ்ட்டுன்னும் ஒண்ணுமில்ல. கேசு நடத்துறா, லீவு நாள்ல பேசப் போறா. கூப்புடுறவன் பஸ்ஸுக்குக் குடுத்தா வாங்கிக்குறா. எங்க பொம்பளைங்களுக்கு ரெண்டு கேசு சும்மாவே நடத்திக் குடுத்திருக்கா."

"அவ்ளோதானா?" பூமாலைக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இருடி, அவசரப்படாத. எல்லாப் புள்ளைங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிக்கணும்னு பேசுறாளே, அவ மவன் எங்க படிக்கிறான் தெரியுமா? நாமக்கல் பக்கம், பிரைவேட்டு, ஆஸ்டலோட."

பூமாலை டம்ளரை ணங்கென்று வைத்தாள். "அப்படிப் போடு!"

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே நேரத்தில் மனசுக்குள் எங்கோ ஒன்று வாடியது. அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கிப் படியில் உட்கார்ந்ததும், மகள் எழுந்து நின்று கேட்டதும் கண்ணுக்குள் வந்து போயின. வந்தால் வரட்டும் என்று உதறிவிட்டு ரஞ்சன்குடி பஸ்ஸில் ஏறினாள். மகளிடம் போய்ச் சொல்வதற்கு முன்னால் அந்த வக்கீலம்மா மூஞ்சி தொங்கிப்போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே ஒரு தெருவில் இருந்தது வீடு. ஓட்டு வீடுதான், முன்னால் மட்டும் சிமெண்டுக் கூரை இழுத்திருந்தார்கள். இருசம்மாள் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு கொல்லையில் மீன் உரசிக்கொண்டிருந்தார். பூமாலையைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"நீங்கதான நேத்து மொதல்ல தட்டுனது?"

பூமாலை தயாராக வந்திருந்தாள். "ஆமா, நாந்தான். கூலிக்குத் தட்டுறவ. நான் அதை மறைக்கல. நீங்க மறைக்கிறீங்களே. ஒங்க மவன் எந்தக் கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கிறாருங்க?"

அந்த அம்மா மழுப்புவார், இல்லை வெளியே போ என்பார் என்று பூமாலை எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"நாமக்கல்ல பிரைவேட்டுல படிக்கிறான்" என்றார் இருசம்மாள். "எங்கிட்ட காசு இருந்துச்சு, அனுப்புனேன். ஒங்கள்ட்ட இருந்தா நீங்களும்தான் அனுப்புவீங்க."

"அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மேடையில பேசுறீங்க?"

"இதே மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான்." அவருக்கும் கோபம் வந்துவிட்டது. மீன்கையோடு எழுந்து நின்றார். "காசு இருக்கற எம்மவனுக்கு ஒரு பள்ளிக்கூடம், காசு இல்லாத ஒங்க மவளுக்கு ஒரு பள்ளிக்கூடம்னு இருக்கறது தப்புன்னுதான பேசுறேன்? அவனுக்குக் கெடைக்கிறது எல்லாப் புள்ளைக்கும் கெடைக்கணும்னுதான தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன்? நான் ரொம்ப யோக்கியம்னு எப்ப சொன்னேன்? எவனாவது மேடையில அப்படிச் சொல்லிருந்தா அவன்கிட்ட போயி கேளுங்க."

பூமாலைக்கு ஏமாற்றமாகிவிட்டது. இந்தப் பெண் பிள்ளை பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இருசம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குரல் தணிந்திருந்தது.

"நேத்து எந்திரிச்சிக் கேட்டது ஒங்க பொண்ணா?"

"ம்."

"எங்க சேக்கப் போறீங்க?"

"அரியலூர் காலேஜுல கெமிஸ்ட்ரி கெடச்சிருக்கு. நாளைக்குத்தான் கடைசி. நான் அனுப்பல."

"ஏன்?"

"நம்பிக்க இல்ல."

இருசம்மாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னைய ஒரு தடவ பாத்ததுக்கு இத்தன பஸ் மாறி வெசாரிக்க வந்திருக்கீங்க. எம்மவன் எங்க படிக்கிறான்னு வரைக்கும் தோண்டிட்டீங்க. நல்லதுதான், அப்படித்தான் இருக்கணும். அந்தக் காலேஜு ஒங்க ஊருலேர்ந்து ஒரே பஸ்ஸு. அத வெசாரிச்சீங்களா?"

பூமாலை செம்பைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுக்கு நடுவில் அந்தக் கேள்வி மட்டும் செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி உறுத்தியது. அவள் விசாரிக்கவில்லை. மூத்தவளை அனுப்பும்போதும் விசாரிக்கவில்லை, இளையவளைத் தடுக்கும்போதும் விசாரிக்கவில்லை. அன்று எதையும் கேட்காமல் கைதட்டினாள், இன்று எதையும் கேட்காமல் பெட்டியைப் பூட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் மணிமொழி கண் விழித்தபோது டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பூமாலை தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு. சேக்கப் போறேன்னு நெனச்சிக்காத. பாக்கத்தான் போறோம். எனக்குப் புடிக்கலேன்னா அடுத்த பஸ்ஸுல திருச்சி."

அந்தக் கல்லூரி அன்றைக்குப் பட்ட பாட்டை அதுதான் சொல்ல வேண்டும். பூமாலை கேட்டிலேயே காவலாளியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், என்றைக்காவது பூட்டிக் கிடந்ததா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாள். இவள் ஏதோ அதிகாரியோ என்று அவர் குழம்பி எழுந்து நின்றுவிட்டார். பெருக்குகிற பெண்ணிடம் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தாள். காலையில் வரும், மத்தியானத்துக்குமேல் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். பூமாலைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பாள்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வருடப் பெண்களிடம் போனாள்.

"ஏம்மா, இங்க நெசமாவே பாடம் நடத்துறாங்களா?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். அதில் திருமானூர்ப் பெண் ஒருத்தி, "நடத்துவாங்கம்மா. ஒரு சாரு மட்டும் தூங்க வச்சிருவாரு. மத்தவங்க நல்லா நடத்துவாங்க. போன வருசம் முடிச்ச எங்கூரு அக்கா இப்ப பிஎட் படிக்கிறாங்க. வேணும்னா போன் பண்ணித் தரேன், பேசுறீங்களா?" என்றாள். பேசாமல் விடுவாளா பூமாலை? பேசினாள்.

கடைசியாக வேதியியல் துறைக்குப் போய் லேப்பைத் திறந்து காட்டுங்கள் என்றாள். அங்கிருந்த ஊழியர் எரிச்சலானார்.

"அட்மிஷனுக்கு வந்தமா போனமான்னு இல்லாம, லேப்பு என்னாத்துக்கும்மா?"

"உள்ள பொம்ம இருக்கான்னு பாக்கணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மணிமொழிக்குப் புரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டேதான் அவர் கதவைத் திறந்தார். மூக்கை அரிக்கிற வாடை அடித்தது. மேசையெல்லாம் அங்கங்கே பொத்துக் கறுத்துப்போன கறை. அலமாரியில் ஒரு கதவுக்குக் கண்ணாடி இல்லை. கறையை விரலால் தடவிப் பார்த்தாள் பூமாலை. எத்தனையோ பிள்ளைகள் ஆசிட்டைக் கொட்டிக் கவிழ்த்த கறை. சான்றிதழுக்காகப் பூட்டைத் திறந்தபோது பார்த்த அந்த இன்ஸ்டிட்யூட் கட்டில் புத்தம் புதுசாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. நோயாளி என்று யாரும் படுக்காததால்தான் அப்படி இருந்திருக்கிறது.

"சரி, போயி சேரு" என்றாள்.

மணிமொழி ஆபீஸ் ஜன்னலில் சான்றிதழ்களைக் கொடுத்தபோது பூமாலை பின்னாலேயே நின்றாள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் மாதாமாதம் கணக்கில் பணம் ஏறும் என்று கிளார்க் சொன்னார். "வர்றப்ப பாத்துக்கலாம்" என்றாள். ஒரிஜினலை வைத்துக்கொள்வீர்களா, ரசீது தருவீர்களா, எப்போது கேட்டாலும் திரும்பக் கிடைக்குமா என்று குடைந்தெடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எல்லாம் முடிந்து நகர வேண்டிய நேரத்தில் அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"இன்னும் என்னம்மா?"

 காலையிலிருந்து கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"சார், பன்னெண்டாவது முடிச்சி மூணு வருசம் ஆயிருச்சு. நடுவுல வேற எடத்துல சேந்து வீணாப் போச்சு. அப்படிப்பட்ட பொண்ண எல்லாம் சேத்துக்குவீங்களா?"

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வருசம் முடிஞ்சிருச்சு. அடுத்த வருசம் அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க. பொண்ணுங்களுக்கு வயசுல சலுக இருக்கு. மார்க்கு இருந்தா தாராளமா கெடைக்கும்."

மணிமொழி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பூமாலை அவள் பக்கம் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஜவுளிக்கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் வேலை செய்கிற பெண்கள் கையில் போனைக் கொடுப்பார்கள். கல்லூரி எதிரே பஸ்ஸுக்கு நின்றபடி பூமாலை அந்த நேரத்துக்குக் காத்திருந்து ஆர்த்தியைக் கூப்பிட்டாள். தங்கச்சியைச் சேர்த்தாயிற்று என்றாள். லேப்பைப் பார்த்ததைச் சொன்னாள். கிளார்க் சொன்னதை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள்.

அந்தப் பக்கம் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா இதெல்லாம்?" என்றாள் ஆர்த்தி கடைசியாக. "எவனாவது மேடையில பேசுனானா? நீ கை தட்டுனியா?"

"பேசுனா ஒருத்தி. அவள நான் நம்பல. அவ வூட்டுக்கே போயி சண்ட போட்டுட்டு வந்தேன்" என்றாள் பூமாலை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க வந்து ஒருத்தர் விடாம கேட்டுட்டேண்டி. வாட்ச்மேன், கூட்டுற பொம்பள, படிக்கிற புள்ளைங்க, ஆபீஸு, எல்லாரையும். இங்க அத்தன பேரும் என்னையத் திட்டுறாங்க. கை மட்டும் தட்டல."

சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான மணி அங்கே அடித்தது. போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள்.

"அம்மா" என்றாள் ஆர்த்தி அவசரமாக. "எம் மார்க் ஷீட்டு பொட்டியிலதான இருக்கு?"

பூமாலை இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குடி. பத்தரமா இருக்கு."